கூடி மீட்ட நிலம்



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத் தோட்டத்தில் அன்றைக்கு வெட்டு இல்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டிலே நில்லாமல் வழிந்து வீணாகும். ஆகவே, “இந்தப் பாழும் மழை இன்றைக்கும் வந்துவிட்டதே” என்று அலுத்துக்கொள்வது நம் தோட்டப்புறக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த பேச்சு. நம் மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை குறைவே என்று நாம் வருந்தியதைவிட, மழை கூடிப்போயிற்றே என்று வருந்தியதுதான் அதிகம்.

ஆனால், ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே மழையைக் காணும் மக்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் பொய்த்துவிட்டால் அவர்களுக்குச் சோறு இல்லை; மாட்டுக்குப் புல் இல்லை. அத்தகைய வறண்ட நிலத்தில் வாழும் மக்கள், தங்கள் அண்டை நாட்டாரோடு கைகோத்து நிலத்தை மீட்ட கதையைத்தான் இன்றைய பேச்சில் நாம் காண இருக்கிறோம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடபகுதியில் சஹாரா என்னும் மாபெரும் பாலைவனம் இருக்கிறது. அதன் தெற்கு விளிம்பை ஒட்டி, மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து கிழக்கே செங்கடல் வரை ஒரு நீண்ட நிலப்பட்டை ஓடுகிறது. அதற்குச் ‘சாஹேல்’ என்று பெயர். அரபு மொழியில் அந்தச் சொல்லுக்குக் ‘கரை’ என்று பொருள். மணற்கடலுக்கு அது கரை. செனகல், மௌரித்தானியா, மாலி, பர்க்கினா ஃபாசோ, நைஜர், சாட் முதலிய நாடுகள் இந்தப் பட்டையில் அமைந்துள்ளன. இங்கே ஆண்டுக்கு 200 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான். அதாவது, நமக்குப் பெய்வதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மழையை நம்பி அவர்கள் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள்; ஆடு மாடு ஒட்டகம் வளர்க்கிறார்கள்.

1968-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே மழை பொய்க்க ஆரம்பித்தது. ஓராண்டு, ஈராண்டு அல்ல. தொடர்ந்து ஆறாண்டு அளவுக்கு வறட்சி நீடித்தது. கிணறுகள் வற்றின. மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. ஒரு லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அந்நாளில் பலரும் அம்மக்களையே பழித்தார்கள். “அளவுக்கு மேல் மாடு வளர்த்தார்கள், மரத்தை வெட்டினார்கள், அதனால் மழை போயிற்று” என்றார்கள். பின்னாளில் அறிவியலார் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. தொலைவிலுள்ள கடல்களின் வெப்பம் மாறியதே மழை பொய்த்ததற்கு முதன்மைக் காரணம் என்று கண்டார்கள். மண் கெட்டதும் மரம் குறைந்ததும் துன்பத்தைக் கூட்டின என்பது மெய்தான். ஆனால், ஏழைக் குடியானவனின் மாடு மட்டுமே மழையை விரட்டிவிடவில்லை.

இந்தப் பேரிடருக்கு நடுவே, 1973-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சாஹேல் நாடுகள் சில ஒன்றுகூடி வறட்சியை எதிர்த்துப் போராட ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அதன் தலைமையகம் பர்க்கினா ஃபாசோவின் தலைநகரான வாகாடூகுவில் நிறுவப்பட்டது. அந்நாளில் அந்த நாட்டுக்கு மேல் வோல்டா என்று பெயர். மறு ஆண்டிலேயே நைஜரின் தலைநகரான நியாமியில் ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கப்பட்டது. எந்த நாட்டில் எவ்வளவு மழை பெய்தது, ஆற்றில் எவ்வளவு நீர் வருகிறது, பயிர் எப்படி நிற்கிறது என்பதையெல்லாம் கணித்துச் சொல்ல, உறுப்பு நாடுகளின் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். பஞ்சம் வாசலுக்கு வந்தபின் அழுவதைவிட, அது வரும் வழியிலேயே கண்டு சொல்லிவிட்டால் தானியத்தை முன்கூட்டியே அனுப்பலாம் அல்லவா?

இங்கே நேயர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். ஒவ்வொரு நாடும் தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாதா? பல நாடுகள் எதற்காகக் கூட வேண்டும்?

காரணம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எதுவும் ஒரு நாட்டு எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. மாடு மேய்ப்பவர்களையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் வடக்கே புல் முளைக்கும், அங்கே போவார்கள். கோடை வந்ததும் தெற்கே ஈரம் உள்ள நாடுகளுக்கு இறங்குவார்கள். எல்லைக் கோடு போடுவதற்கு முன்பிருந்தே நடந்து வரும் பழக்கம் இது. எல்லையை அடைத்துவிட்டால் மாடு சாகும். அடைக்காமல் விட்டால் தெற்கே உள்ள குடியானவரின் பயிரில் மாடு இறங்கும். ஆகவே 1998-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஓர் ஏற்பாடு செய்தன. மேய்ப்பவர் கையில் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். மந்தையில் எத்தனை தலை, தடுப்பூசி போட்டாயிற்றா, எந்த வழியாகப் போகிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். மனிதருக்குக் கடப்பிதழ் இருப்பதுபோல் மாட்டு மந்தைக்கும் ஒரு கடப்பிதழ்! எழுதியபடியே எங்கும் நடக்கிறது என்று சொல்ல முடியாது. சண்டைகள் இன்றும் உண்டு. ஆயினும், பேசித் தீர்க்க ஒரு விதி இருக்கிறது.

ஆற்று நீரும் அப்படித்தான். செனகல் ஆற்றின் நீரைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளில் மாலி, மௌரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டில் அவை ஓர் ஆற்று அமைப்பை ஏற்படுத்தின. அதன் மூலம் மாலி நாட்டில் மனந்தாலி என்னுமிடத்தில் பெரிய அணை எழுந்தது. அந்த அணை மாலி மண்ணில் இருந்தாலும் மூன்று நாடுகளுக்கும் பொதுச் சொத்து. 1989-ஆம் ஆண்டில் ஆற்றங்கரை மேய்ச்சல் தகராறு முற்றிச் செனகலும் மௌரித்தானியாவும் பகை நாடுகளாயின. தூதரக உறவே அறுந்தது. அப்போதும் அந்த ஆற்று அமைப்பை அவர்கள் கலைத்துவிடவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாலும், பொதுக் குழாயை யாரும் உடைப்பதில்லை என்பதுபோல.

நேயர்களே, அரசாங்கங்கள் செய்தவை இவை. இனி, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் செய்ததைப் பார்ப்போம். நம் மனத்தை அதிகம் தொடுவது அதுதான்.

பர்க்கினா ஃபாசோவின் வடக்கே யத்தெங்கா என்றொரு வட்டாரம். வறட்சிக்குப் பிறகு அங்கே நிலம் சிமெண்டுத் தரைபோல் இறுகிப்போயிற்று. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஊரை விட்டே பலர் கிளம்பினார்கள். அங்கேயே தங்கியவர்களில் ஒருவர் யாக்கூபா சாவடோகோ. முன்னோர் அறிந்திருந்த ‘ஸாய்’ என்னும் குழி முறையை 1980-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கையில் எடுத்தார். இறுகிய தரையில் ஒரு சாண் அகலம், அரைச் சாண் முதல் ஒரு சாண் வரை ஆழம் என்று வரிசையாகக் குழி தோண்ட வேண்டும். முன்னோர் தோண்டியதைவிடப் பெரிய குழியாகத் தோண்டினார். அதில் சாணமும் இலை தழையும் இட்டார். அந்த எருவைத் தேடிக் கறையான் வரும். கறையான் துளைத்த வழியே மழைநீர் உள்ளே இறங்கும். குழியில் ஊன்றிய சோளம், மழை சில நாள் இடைவிட்டாலும் வாடாமல் நிற்கும்.

மழை வருவதற்கு முன்னரே, கொளுத்தும் கோடையில், காய்ந்த தரையைக் கொத்திக்கொண்டிருந்த மனிதரைக் கண்டு ஊரார் பைத்தியம் என்றார்கள். ஆனால், அறுவடை பேசியது. அவருடைய எருவில் கலந்திருந்த மரவிதைகளும் முளைத்தன. அவற்றைக் களையென்று பிடுங்காமல் காத்தார். தரிசாகக் கிடந்த இடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட வகை மரஞ்செடிகளோடு ஒரு காடே உண்டாயிற்று. தாம் கற்றதை மறைத்தும் வைக்கவில்லை. பல ஊர்க் குடியானவர்களை வரவழைத்து, விதைகளைப் பரிமாறிக்கொள்ளவும் குழி தோண்டக் கற்றுக்கொள்ளவும் கூட்டம் நடத்தினார்.

அதே யத்தெங்காவில் இன்னொரு வழியும் பரவியது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், கற்களை வரிசையாக அடுக்குவது. ஓடும் நீர் கல்வரிசையில் தடைப்பட்டு, வண்டலை விட்டுவிட்டு மெல்லக் கசிந்து போகும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத சரிவில் மட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடிபோல் தெரியும் ஒரு குழாயில் நீரை நிரப்பி, இரண்டு கம்புகளில் கட்டி, இருபுறமும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களை அடையாளம் செய்தார்கள். சில வெள்ளிதான் செலவு. மலைச்சரிவில் படிக்கட்டுபோல் தளம் வெட்டிக் கன்று நட்டதையும், நிரைகளுக்கிடையே மண் அரிக்காமலிருக்கக் குழி தோண்டியதையும், தரையை மூடிக் கொடி வளர்த்ததையும் கண்ட நமக்கு இது புரியாத வித்தை அல்ல. ஓடுகிற நீரை நடக்க வை, நடக்கிற நீரை நிற்க வை என்பதே இரண்டிலும் உள்ள சூத்திரம்.

இப்போது எல்லை தாண்டிய உறவுக்கு வருவோம். 1989-ஆம் ஆண்டில் அண்டை நாடான நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 குடியானவர்கள் யத்தெங்காவுக்குப் போய் அந்தக் குழி முறையை நேரில் பார்த்தார்கள். அவர்கள் நிலமும் அதேபோல் இறுகிக் கிடந்த நிலம்தான். அவர்களிடமும் பழைய குழி முறை ஒன்று இருந்து வழக்கொழிந்து போயிருந்தது. ஊர் திரும்பிச் சிலர் சோதனையாக நான்கு ஹெக்டர் அளவில் தோண்டிப் பார்த்தார்கள். மறு ஆண்டு அது 70 ஹெக்டராயிற்று. அந்த 1990-ஆம் ஆண்டு வறட்சி ஆண்டு. சுற்றிலும் பயிர் கருகியபோது, குழி தோண்டிய வயல்களே நல்ல விளைச்சல் தந்தன. அதற்குப் பிறகு யாரும் பிரச்சாரம் செய்ய வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத தரிசு நிலத்தையே விலை கொடுத்து வாங்கும் நிலை வந்தது.

பதின்மூன்று பேர் செய்த ஒரு பயணம்! அடுத்த வீட்டுக்காரர் எப்படிச் சமாளிக்கிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ என்று நாம் சொல்கிறோம். இங்கே நாடு தாண்டி வந்து வடம் பிடித்தார்கள்.

அடுத்து, மரங்களின் கதை. நைஜரில் பாலைவனத்தைத் தடுக்கப் பல ஆண்டுகள் மரக்கன்று நட்டார்கள். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்னும் ஆஸ்திரேலியர் மராடி வட்டாரத்தில் இந்த வேலையில் ஈடுபட்டு, மனம் சோர்ந்திருந்தார். 1983-ஆம் ஆண்டில் ஒருநாள், வழியோரத்தில் புதர்போல் தெரிந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். அது புதர் அல்ல. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர்! வேர் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. அப்படியானால் புதிதாக நட வேண்டியதே இல்லை. துளிர்களில் நல்லவற்றை விட்டு, மற்றவற்றைக் கழித்து, ஆடு மாடு கடிக்காமல் காத்தால் போதும். மரம் தானே எழுந்துவிடும்.

1984-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், உதவித் தானியம் பெறுவோர் தம் வயலில் இப்படிச் சில மரங்களை வளர விட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் பலர் அவற்றை வெட்டிவிட்டார்கள். ஏன் வெட்டினார்கள்?

இந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் போட்ட சட்டப்படி, மரம் அரசாங்கத்தின் சொத்து. குடியானவர் தம் வயலில் தாமே காத்து வளர்த்த மரத்தின் கிளையை வெட்டினாலும் வனக்காவலர் வந்து தண்டம் வாங்குவார். மரம் நமக்கு இல்லை, தண்டம் மட்டும் நமக்கு என்றால் மரத்தை எவர் வளர்ப்பார்? துளிரிலேயே பிடுங்கிவிடுவது நிம்மதி என்று எண்ணினார்கள்.

நாளடைவில் அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்தது. அதிகாரிகள் கெடுபிடியைக் குறைத்தார்கள். மரத்தைக் காத்தவரே கிளையையும் விறகையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை ஊர்களில் வேரூன்றியது. அதன் பிறகே மரங்களும் வேரூன்றின. ஊருக்கு ஊர், வயலுக்கு வயல் பரவி, சுமார் 20 ஆண்டுகளில் நைஜரின் தென்பகுதியில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டர் நிலத்தில் மரம் செறிந்தது என்று வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்தார்கள். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடச் சற்றே அதிகம் வரும். 2020-ஆம் ஆண்டில்தான் குடியானவர் காத்து வளர்த்த மரத்தின்மேல் அவருக்குள்ள உரிமையை அரசாணை முறையாக ஒப்புக்கொண்டது. மக்கள் முன்னே நடந்தார்கள். சட்டம் பின்னே வந்தது.

அந்த மரங்களில் ஒன்று, நம் கருவேலத்துக்கு உறவான ஒருவகை வேலமரம். அது ஒரு விந்தையான மரம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் பசுமையாக நிற்கும். ஆகவே பயிருக்கு நிழல் தட்டாது. உதிர்ந்த இலை எருவாகும். அதன் காய் கோடையில் மாட்டுக்குத் தீனியாகும். விறகுக்காக ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் நடந்த பெண்கள், இப்போது தம் வயலின் மரத்திலிருந்தே கிளை கழித்துக்கொள்கிறார்கள். சாவடோகோ, ரினாடோ ஆகிய இருவருமே 2018-ஆம் ஆண்டில், மாற்று நோபெல் பரிசு என்று சிறப்பாகச் சொல்லப்படும் விருதைப் பெற்றார்கள்.

ஆனால், கதையில் ஒரு கசப்பும் உண்டு. சாவடோகோ வளர்த்த காட்டை நோக்கி அருகிலிருந்த நகரம் விரிந்தது. காட்டின் ஒரு பகுதி வீட்டு மனைகளாக அளக்கப்பட்டது. மண்ணைக் காடாக்கியவர் அவர். அதன் உரிமைத்தாள் அவர் கையில் இல்லை. தம் காட்டைக் காக்க முதுமையில் அவர் போராட வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். பிறர் நிலத்தில் மரம் வளர்த்து, அதன் நிழலிலேயே பிள்ளைகளையும் வளர்த்து, பிறகு நிலம் கைமாறியபோது மூட்டை கட்டிய குடும்பங்களுக்கு இந்தச் செய்தியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2007-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க ஒன்றியம், ‘பெரும் பசுமைச் சுவர்’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மேற்கே செனகல் முதல் கிழக்கே ஜிபூட்டி வரை 11 நாடுகளின் ஊடாக, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மரச்சுவர் எழுப்ப வேண்டும் என்பது முதல் எண்ணம். மனிதர் காவல் இல்லாத இடங்களில் நட்ட கன்றுகள் பட்டுப்போயின. அதனால் எண்ணமும் மாறியது. ஒரே கோடாக மரம் நடுவதை விட்டு, அந்தந்த ஊரார் தம் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் சீராக்குவதே சுவர் என்று கொண்டார்கள். 2030-ஆம் ஆண்டுக்குள் 10 கோடி ஹெக்டரை மீட்பது குறிக்கோள். ஆனால், 2020-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, திட்ட எல்லைக்குள் மீட்கப்பட்டது சுமார் 40 லட்சம் ஹெக்டர்தான். போக வேண்டிய தூரம் மிக அதிகம்.

வழியில் முள்ளும் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு முதல் அந்த வட்டாரத்தில் ஆயுதச் சண்டை மூண்டு, ஊர்கள் காலியாகின்றன. மாலி, பர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றிலும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மூன்றும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பை விட்டு விலகின. துப்பாக்கி பேசும் இடத்தில் மண்வெட்டிக்கு வேலை குறைந்துவிடுகிறது. ஆனால் மழையும் மந்தையும் வெட்டுக்கிளியும் யார் ஆட்சி என்று கேட்டு வருவதில்லை. ஆகவே, என்றைக்கானாலும் அவர்கள் கூடித்தான் ஆகவேண்டும்.

நேயர்களே, ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம் நமக்கு எதற்கு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம் வட்டாரத்தில் காட்டுத் தீயின் புகைமூட்டம் கடல் கடந்து வந்து, நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை மூட வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். 2002-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் அதற்காகவே ஓர் உடன்பாடு செய்தன. ஆனால், அதை எல்லா நாடுகளும் ஏற்று முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கூடிச் செய்வது எங்கும் எளிதல்ல. கூடாமல் செய்ய வழியும் இல்லை.

சாஹேல் மக்களிடமிருந்து நாம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பக்கத்து ஊரில் ஒருவர் நல்ல வழி கண்டிருந்தால், அந்தப் பதின்மூன்று பேரைப்போல் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடுவதாயினும், பொது நிலத்தைத் துப்புரவாக வைப்பதாயினும், அடுத்தவரின் அனுபவம் நமக்கு விலையில்லாத பாடம். இரண்டாவது, காப்பவருக்கு உரிமை வேண்டும். மரத்தை வளர்ப்பவருக்கு மரத்தில் பங்கில்லை என்றால் மரமும் நிலைக்காது, மண்ணும் நிலைக்காது. நைஜரின் குடியானவர்கள் இதை மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய பத்திரம் நம் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதைப் பெறுவதற்கான வழிகளைக் கேட்டறிந்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நம் கடமை.

நாளைக் காலையில் மழை பெய்து வேலை கெட்டால், அலுப்பு வரத்தான் செய்யும். அப்போது, கோடை வெயிலில் கெட்டித் தரையைக் கொத்திக் குழி தோண்டிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த மக்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.